எதிர்பாராத் திருப்பங்களின் பின்னர்: மட்டக்களப்பு வாவிக்கரை தரும் பாடம்

மட்டக்களப்பு வாவியில் தொழில் செய்வோர் ஆற்றுவாயின் குணத்தை நன்கறிவர். மாரி பெருகி வாவி நிரம்பும்போது முகத்துவாரத்து மணல் திட்டு உடைந்து நீர் கடலோடு கலக்கிறது. சில ஆண்டுகளில் அது தானாகவே உடைந்துவிடும். சில ஆண்டுகளில் வயல்களையும் தாழ்நிலக் குடியிருப்புகளையும் வெள்ளத்திலிருந்து காக்கும் பொருட்டு வெட்டிவிடப்படும். கோடையில் மணல் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும். வாய் திறந்திருக்கையில் நீரின் உவர்ப்பும் ஓட்டமும் இறாலின் வரவும் ஒருவிதமாக இருக்கும். மூடியிருக்கையில் வேறுவிதமாக இருக்கும். ஆகவே, சென்ற ஆண்டு வலை வைத்த இடத்திலேயே இவ்வாண்டும் மீன் படும் என்று எந்த மீனவரும் நம்பியிருப்பதில்லை. நீரைப் பார்த்து, காற்றைப் பார்த்து, புதிதாக ஓரிடம் தேடுகிறார்.

மனித வாழ்விலும் இத்தகைய மாற்றங்கள் நேர்கின்றன. ஆனால், வாவியின் மாற்றம் பருவம் அறிந்து வருவது. வாழ்வின் திருப்பமோ முன்னறிவித்தல் இன்றி வருவது. நேற்றுவரை கணவனாக, தாயாக, வியாபாரியாக, மாணவனாக இருந்த ஒருவர் இன்று அந்த அடையாளத்தை இழந்து நிற்கிறார். 'இனி என்ன?' என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை. அவ்விடை எவ்வாறு உருவாகிறது, அதற்குச் சமூகம் செய்யக்கூடியது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு வேற்று நாட்டு உதாரணங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 50 கிலோமீற்றருக்கும் கூடுதலாக நீண்டு கிடக்கும் இவ்வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் அரை நூற்றாண்டு காலமாக இவ்வினாவை எதிர்கொண்டு வந்துள்ளன.

1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி ஒரே இரவில் இப்பிரதேசத்தின் கூரைகளையும் தென்னந்தோட்டங்களையும் சாய்த்தது. 1990ஆம் ஆண்டு இரு சமூகங்களுக்கும் மறக்கவொண்ணாத ஆண்டாயிற்று. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரிலும் அவ்வாறே முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் தமிழ் மக்கள் குழந்தைகள் உட்பட இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலும் மூண்ட போர் மக்களை மீண்டும் அகதிகளாக்கியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்கள் பலரையும் பலிகொண்டது.

ஒரு தலைமுறையின் ஆயுளுக்குள் இத்தனை திருப்பங்கள். இருந்தும் வயல்கள் விதைக்கப்படுகின்றன, தறிகள் இயங்குகின்றன, பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். இது எவ்வாறு சாத்தியமாயிற்று? அதேவேளை, எழ முடியாமற் போனோர் ஏன் எழவில்லை? இவ்விரு வினாக்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

ஆறுதல் கூற வந்தோர்

ஆழிப்பேரலையின் பின்னர் உணவும் உடையும் சுமந்து வந்த வாகனங்களுடன் உளவள ஆலோசகர்களும் பெருந்தொகையாக வந்தனர். பாதிக்கப்பட்ட அனைவரும் மனநோயாளராகிவிடுவர் என்ற அச்சம் அப்போது பரவலாக இருந்தது. நடந்ததை மீண்டும் மீண்டும் சொல்லவைத்தால் மனப்பாரம் குறையும் என்று சிலர் கருதினர். ஆனால், அனர்த்தம் நடந்த உடனேயே ஒரே அமர்வில் துயரத்தைக் கிளறிப் பேசவைக்கும் முறை பயனற்றது என்றும், சிலருக்குத் தீங்கும் விளைவிக்கலாம் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனமும் அம்முறையைப் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று எளிய செயல்களையே வலியுறுத்துகிறது: பார்த்தல், கேட்டல், இணைத்தல். அதாவது, பாதுகாப்பும் அவசரத் தேவைகளும் எவ்வாறுள்ளன என்று பார்த்தல். பேச விரும்புவோரின் பேச்சைக் கேட்டல். உறவினருடனும் சேவைகளுடனும் அவர்களை இணைத்தல்.

பாதுகாப்பான இடம், உண்மையான தகவல், உறவினரின் அருகாமை, செய்வதற்கு ஒரு வேலை ஆகியன கிடைக்குமாயின் பெரும்பாலானோர் காலப்போக்கில் தேறி எழுகின்றனர் என்பதே இத்துறை அனுபவத்தின் சாரமாகும். உறக்கமின்மை, திடுக்கிடல், அழுகை, கோபம் ஆகியவை முதற் சில வாரங்களில் இயல்பானவையே. மாதக்கணக்கில் அவை குறையாது, அன்றாடக் கடமைகளையே செய்யவியலாத நிலை தொடருமானால், அல்லது வாழ விருப்பமின்மை தலைதூக்குமானால், தாமதமின்றி மருத்துவ உதவி நாட வேண்டும். மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில் மனநல சேவை உண்டு. கால் முறிந்தால் வைத்தியரிடம் செல்வதற்கு வெட்கப்படாத நாம், மனம் முறிந்தால் மாத்திரம் அயலவர் என்ன சொல்வார்களோ என்று ஒளிந்துகொள்வது பொருத்தமற்றது.

யாழ்ப்பாணத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் தனிமனிதர் மட்டுமன்றிச் சமூகமே காயப்படுகிறது என்பதை நெடுங்காலமாக எழுதி வந்துள்ளார். கூட்டாகப் பட்ட காயம் கூட்டாகவே ஆற வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆலோசகரின் அறையில் பெற்ற ஆறுதல், வீதியில் இறங்கியதும் கரைந்துபோகும் சூழல் இருக்குமாயின் அது நிலைப்பதெங்ஙனம்?

துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு

நமது முன்னோர் துக்கத்துக்கு ஒரு கால ஒழுங்கை வகுத்திருந்தனர். இந்துக் குடும்பங்களில் எட்டும் முப்பத்தொன்றும் ஆண்டுத் திவசமும் உண்டு. முஸ்லிம் பெண் கணவனை இழந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். கத்தோலிக்கர் மரித்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர். இவற்றின் சமயப் பொருள் வேறு வேறானதாக இருப்பினும், யாவும் துக்கத்துக்கு ஓர் இடத்தையும் ஓர் எல்லையையும் தருகின்றன. அழுவதற்கு உரிமை உண்டு. பின்னர் எழுந்து அடுப்பு மூட்டும் நாளும் உண்டு.

ஆழிப்பேரலை இவ்வொழுங்கைக் குலைத்தது. பல உடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிற் பல அடையாளம் காணப்படாமலே கூட்டாகப் புதைக்கப்பட்டன. எந்தக் கடலில் தொழில் செய்தார்களோ அந்தக் கடலே மயானமாயிற்று.

போரோ இதனினும் கொடியதோர் இழப்பை விட்டுச் சென்றது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம் பயணிகளும் வீடு சேரவில்லை. காணாமலாக்கப்பட்டவரின் மனைவி விதவையா, சுமங்கலியா? அவள் இத்தா இருப்பது எப்போது? பிள்ளை திவசம் செய்வது எந்தத் திதியில்? அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டார். முடிவு தெரியாத துயரமே முடிவற்ற துயரம். வாக்குச் சொல்லும் தெய்வமாடிகளிடம் தாய்மார் மீண்டும் மீண்டும் சென்று தம் மகன் உயிரோடிருக்கிறானா என்று கேட்டது மூடத்தனத்தினால் அன்று. கேட்பதற்கு வேறு வாசல் இல்லாமையினாலேயே.

இத்தகையோருக்கு 'மறந்துவிடுங்கள்' என்று கூறுவது கொடுமை. 2016இல் சட்டமாக்கப்பட்டு 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் அவர்களுக்கு அளிக்க வேண்டியது இழப்பீட்டுக்கு முன் உண்மையையே. உண்மை கிடைக்கும் நாளே அவர்களது துக்கம் தொடங்கும் நாள். துக்கம் தொடங்கினாற்றான் அது முடியவும் முடியும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் கூறியாக வேண்டும். ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும், இது பாவத்தின் தண்டனை என்று பேசுவோர் எல்லாச் சமயங்களிலும் தோன்றுகின்றனர். இறைநம்பிக்கை துன்புற்றோரைத் தாங்கி நிற்கும் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் தண்டனை பற்றிப் பேசுவது சமயத்துக்கும் இழுக்கு, மனிதத்துக்கும் இழுக்கு.

வீடும் அதன் உரிமையும்

நம்பிக்கை என்பது வெறும் மனநிலை மாத்திரமன்று. அதற்கு நிற்க நிலம் வேண்டும். மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பொதுவாகக் கொண்டுள்ள மரபொன்று இங்கு கவனிக்கத்தக்கது. இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் இக்குடிகளின் பேரால் பொறுப்பு வகித்த வழமை உண்டு. மகளுக்குத் திருமணமாகும்போது வீடு அவளுக்குச் சீதனமாகிறது. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வருகிறார். பெற்றோர் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காக வேறொரு வீடு கட்டத் தொடங்குவர். இதனால் தாயும் சகோதரிகளும் ஒரே வளவிலோ அயல் வளவிலோ வாழ்கின்றனர். கணவன் இறந்தாலும், விட்டுச் சென்றாலும், பெண் தெருவுக்கு வருவதில்லை. சீதனச் சுமை பெற்றோரை வாட்டுகிறது என்பது மறுக்கவியலாத உண்மை. எனினும், திருப்பம் வந்தபோது பெண்ணுக்குக் காலூன்ற ஓரிடத்தை இம்மரபு வைத்திருந்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்னரான வீடமைப்பு இதனைப் பெரிதும் கவனிக்கவில்லை. 'குடும்பத் தலைவர்' என்ற நிரலில் பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. மனைவியின் சீதன வீடு அலையில் போயிற்று. புதிய வீடு கணவனின் பெயரில் வந்தது. பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டிக்காட்டிக் குரலெழுப்பின. அரச காணி அனுமதிப்பத்திரங்களுக்கு அடிப்படையான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு அளித்த முன்னுரிமை நீக்கப்படுவதற்கு 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் உறுதியோ அனுமதிப்பத்திரமோ தம் பெயரில் இல்லாத பெண்கள் பிரதேச செயலகத்தை நாடி அதனைச் சீர்செய்துகொள்ள வேண்டும் என்பது எமது வேண்டுகோள். ஆபத்து வந்த பின்னர் பத்திரம் தேடுவது எளிதன்று.

வீடு எங்கே கட்டப்படுகிறது என்பதும் முக்கியமானது. வடக்குக் கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றர் வரை கட்டடம் அமைக்கத் தடை என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பான நாவலடியில் பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. உயிர் தப்பியோரிற் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். பாதுகாப்பைக் கருதி எடுத்த முடிவு என்றாலும், கடலோசை கேட்டு வாழ்ந்தவருக்குத் தோணியும் வலையும் தொலைவாயின. புதிய கூரை கிடைத்தது. பழைய அயலும் தொழிலும் அதனுடன் வந்துவிடவில்லை.

கைக்கு ஒரு வேலை

இழப்புக்குப் பின் மனிதரை மீட்பதில் தொழிலுக்கு நிகரான மருந்தில்லை. அதிகாலையில் எழ ஒரு காரணம், மாலையில் கொண்டுவர ஒரு வருமானம், இடையில் பேச நாலு பேர் என மூன்றையும் அது ஒருங்கே தருகிறது. இதனை உணர்ந்தே நிவாரண நிறுவனங்கள் படகுகளை வழங்கின. ஆயினும், எண்ணிக்கை காட்டும் அவசரத்தில் இலங்கைக் கரையோரத்தின் பல இடங்களில் தேவைக்கு மேற்பட்ட படகுகளும் தரங்குறைந்த படகுகளும் பகிரப்பட்டன. மீன் விற்கும் பெண், கருவாடு போடும் பெண், மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெசவை நம்பியிருந்தோர் ஆகியோரின் தொழில் படகைப் போல் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவதில்லை. ஆதலால் அவை பின்தள்ளப்பட்டன.

பிற்காலத்தில் நுண்கடன் வந்தது. தொழில் தொடங்க என்று பெற்ற கடன், கூடிய வட்டியினால் பெண்களின் கழுத்தை இறுக்கியது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமை நிலைமையின் பாரதூரத்தைக் காட்டும். துயரில் இருப்பவர் கையெழுத்திடும் கடன் பத்திரம், தெளிந்த மனத்துடன் இடுவதன்று. ஆகவே, பேரிழப்பின் பின்னர் முதற் சில மாதங்களில் காணி விற்றல், கடன் பெறல், வெளிநாடு செல்லல், மறுமணம் போன்ற பெரிய முடிவுகளை இயன்றவரை ஒத்திவைப்பது நன்று.

கடல் கடந்த அனுபவமும் இதனையே உணர்த்துகிறது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் அதே அலையில் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பின் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, மீண்டும் கருத்தரிக்க வழிசெய்யும் சத்திரசிகிச்சைக்கான செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. பல வீடுகளில் மீண்டும் தொட்டில் ஆடியது. பிறந்த குழந்தை இறந்த குழந்தைக்கு ஈடாகாது என்பதைத் தாய் அறிவாள். எனினும், பால் கேட்டு அழும் குழந்தை அவளை நாளைய பொழுதுக்கு அழைத்துச் செல்கிறது. திசை என்பது பல வேளைகளில் இவ்வாறு சிறு கடமை ஒன்றின் வடிவிலேயே வருகிறது.

அயலவரின்றி விடிவில்லை

இனி, இப்பிரதேசத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஆழிப்பேரலை வந்த முதல் நாட்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் தூக்கிக் கரைசேர்த்தனர். பள்ளிவாசலில் தமிழருக்கும் சமைத்தார்கள். தமிழ்ப் பாடசாலையில் முஸ்லிம்களும் தங்கினர். ஆனால், நிவாரணம் பங்கிடும் காலம் வந்தபோது பழைய ஐயங்கள் திரும்பின. 2005 ஜூன் 24ஆம் திகதி அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட பொதுக் கட்டமைப்பில், பெரும் இழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் ஒப்பமிடும் தரப்பாக ஏற்கப்படவில்லை. அடுத்த மாதமே அதன் முக்கிய பகுதிகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. நாட்டிலேயே கூடுதலான உயிரிழப்பைக் கண்ட அம்பாறை மாவட்டத்தில், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் எழுந்த 500 வீடுகள், யாருக்கு உரியவை என்ற பிணக்கினாலும் வழக்கினாலும் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. வீடற்றோர் வெளியே, வீடுகள் உள்ளே வெறுமையாக. இதனைவிடக் கசப்பான காட்சி வேறென்ன?

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலமும் அதே அலையில் அழிந்தது. அங்கும் நீண்டகாலப் போர் இருந்தது. 2005 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஹெல்சிங்கியில் அரசும் போராளிகளும் உடன்படிக்கை செய்து போரை முடித்தனர். இங்கோ அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஒரே அலை, இரு வேறு திசைகள். அனர்த்தம் எத்திசையையும் தானாகக் காட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2019இன் குண்டுவெடிப்பின் பின்னர், அக்குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்ற காரணத்தால் அவ்வூர் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. அவனது வெறுப்புப் பிரசாரம் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே முன்னர் அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தமை பலருக்குத் தெரியாது. தன் பிள்ளையை இழந்த கிறிஸ்தவத் தாயும், செய்யாத குற்றத்துக்காகக் கடையை மூடி வீட்டிலிருந்த முஸ்லிம் வியாபாரியும் எதிர்பாராத ஒரே திருப்பத்தால் வீழ்த்தப்பட்டவர்கள். அவர்களின் இழப்புகள் சமமானவையல்ல. ஆனால், ஒருவர் எழுவதற்கு மற்றவர் விழ வேண்டும் என்பதில்லை.

படுவான்கரையின் நெல்லும் பாலும், காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளும் ஒன்றையொன்று நம்பியே வாழ்ந்தன. அந்நம்பிக்கை குறைந்த ஆண்டுகளில் இரு தரப்பினரும் ஏழ்மையடைந்தனர். இதனை உணர்ந்த முயற்சிகளும் இங்கு உண்டு. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரினால் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்களை ஒரே வளவுக்கு அழைத்து, களிமண்ணாலும் வண்ணங்களாலும் கதைகளாலும் விளையாட வைத்தது. அங்கு எவரும் அவர்களிடம் நடந்ததைச் சொல் என்று வற்புறுத்தவில்லை. அடுத்த ஊர்ப் பிள்ளையுடன் சேர்ந்து ஒன்றைச் செய்யும் அனுபவமே மருந்தாக அமைந்தது.

வாசகருக்கு

எமது வாசகரிற் பலர் இன்று தத்தம் திருப்பங்களில் நிற்கக்கூடும். 2022இன் பொருளாதார நெருக்கடி எத்தனையோ குடும்பங்களின் கணக்கை மாற்றி எழுதிவிட்டது. நோய், பரீட்சைத் தோல்வி, மணமுறிவு, வெளிநாட்டில் ஏமாற்றம் என்று காரணங்கள் பலவாகலாம். வாவிக்கரை மக்களின் அனுபவத்திலிருந்து நாம் கூறக்கூடியவை சிலவே. துக்கத்துக்கு உரிய காலத்தைக் கொடுங்கள், அதற்கு வெட்கப்படாதீர்கள். முழு வாழ்வையும் இன்றே திட்டமிட முயலாமல், நாளைக் காலைக்கான ஒரு வேலையைத் தீர்மானியுங்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதை எக்காரணத்தாலும் நிறுத்தாதீர்கள். அவர்களின் நாளுக்கு ஒழுங்கு வந்தால் வீட்டுக்கும் வரும். தனித்திருக்காதீர்கள். உதவி பெறுவது இழிவென்று எண்ணாதீர்கள். நாளை நீங்களும் கொடுப்பீர்கள். பத்திரங்களைப் பாதுகாத்து வையுங்கள்.

நிற்கும் நிலையிலுள்ள ஏனையோருக்கும் ஒரு கடமை உண்டு. துயருற்ற வீட்டுக்கு முதல் வாரம் ஊரே செல்கிறது. ஆறாம் மாதம் எவரும் செல்வதில்லை. உண்மையில் துணை வேண்டப்படுவது அப்போதுதான். அந்த வீடு நமது சமூகத்தாருடையதாக இல்லாவிடினும் கதவைத் தட்டுவோம்.

ஆற்றுவாய் இவ்வாண்டும் திறக்கும், பின்னர் மூடும். மணல் எங்கே ஒதுங்கும் என்பதை எவரும் தீர்மானிப்பதில்லை. ஆனால், அதன் பின் எங்கே வலை வைப்பது என்பதை மீனவர்கள் கரையில் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். அந்தப் பேச்சு, மொழி ஒன்றாயிருக்கும் இவ்விரு சமூகங்களுக்கும் இடையே நின்றுவிடாதிருக்கும்வரை, இவ்வாவிக்கரையில் வாழ்வு வழி தேடிக்கொள்ளும் என்பது எமது நம்பிக்கை.